அப்பாவின் புல்லட் ஆயிலும் 2 லட்சம் கி.மீ ஓடிய சிட்டி காரும்!

விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. வாசலில் 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். ஓடோமீட்டர் 2,14,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்தால் போதும், அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

அப்பா, திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் இது. மகன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்.

சில மாதங்களுக்கு முன்பு கார் சொல்லத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. டிக் டிக் என்று ஒரு சத்தம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைந்தது. ஒருநாள் எர்ணாவூர் மேம்பாலம் பக்கம் ட்ரெய்லர் ஒன்று குறுக்கே வர, பிரேக் அடித்தபோது ஆயில் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. மகனுக்கு வயிற்றைக் கலக்கியது. இன்ஜின் போனால், அதைச் சரிசெய்ய காரின் விலையைவிட அதிகம் செலவாகும். பிறகு காயலான் கடைதான்.

"20-50 ஊத்துடா. முப்பது வருஷம் என் புல்லட்டுக்கு அதான் ஊத்தினேன்" என்றார் அப்பா. தெருமுனை மெக்கானிக்கும் அதையே சொன்னார். ஊற்றினார்கள். சத்தம் அடங்கியது. அப்பாவுக்குப் பெருமை. ஆனால், புகை நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வரும் பழைய துள்ளலும் குறைந்ததாக மகனுக்குத் தோன்றியது.

ஆயில் டப்பாவில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்? 'டபிள்யூ' என்பது விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிர்ந்த இன்ஜினில் ஆயில் வேகமாக ஓடும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். சென்னையில் அந்தக் குளிர் கிடையாதுதான். ஆனாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் இன்ஜினின் உச்சிக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது இங்கேயும் முக்கியம்.

பின்னால் வரும் எண், சூடான நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி வெப்பத்தில் 40 ரக ஆயில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும். 50 ரகம் 16.3 முதல் 21.9 வரை. கெட்டியான ஆயில் தேய்ந்த பாகங்களுக்கு நடுவே மெத்தை போட்டு சத்தத்தை அடக்கும். ஆனால், தேய்மானத்தைச் சரிசெய்யாது. வலி மாத்திரை போட்டால் வலி தெரியாது, அவ்வளவுதான்.

விடெக் இன்ஜினில் இன்னொரு சங்கதி உண்டு. வேகம் கூடும்போது ஆயிலின் அழுத்தம்தான் ராக்கர் ஆர்முக்குள் இருக்கும் சின்ன பின்னைத் தள்ளுகிறது. உடனே வால்வுகள் அதிகமாகத் திறக்க, கார் சீறுகிறது. அதாவது, இந்தக் காரில் ஆயில் வெறும் மசகு இல்லை. வேலை செய்யும் ஒரு கை. அது சின்னச் சின்ன துளைகள் வழியாகப் போய் வர வேண்டும்.

கடைசியில் ராயபுரத்தில் பழைய ஹோண்டா கார்களைப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் ஆயில் பற்றியே பேசவில்லை. முதலில் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய சமம். இன்ஜினைச் சூடாக்கி, ஆயில் பிரஷர் கேஜை மாட்டினார். அழுத்தமும் நன்றாக இருந்தது. அப்படியென்றால் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் பிழைத்திருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வருவதால், வால்வு சீல்கள் இறுகிப்போய் ஆயில் கசிகிறது. அன்று விளக்கு எரிந்ததற்கு, ஆயில் அளவு குறைந்திருந்ததே காரணம். சீல் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, 10டபிள்யூ-40 ஊற்றினார். சத்தமும் போனது. இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்பா ஓரமாக நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. மெக்கானிக் கவனித்துவிட்டார். "உங்க ஆயில் தப்பில்லீங்க ஐயா. வண்டிதான் வேற. அந்தக் காலத்து புல்லட் காத்துல ஆறுற இன்ஜின், சூடு ஜாஸ்தி. அதுக்கு 20-50 சரி. இது தண்ணியில ஆறுற இன்ஜின். உள்ள எல்லாம் டைட்டா இருக்கும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் மணலி பக்கம் கையைக் காட்டி, "மசகு எண்ணெய்க்கு வேண்டிய சரக்கு அந்த ரிஃபைனரியிலதான்டா தயாராகுது" என்றார். மகன் "ஆமாப்பா" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பானட் திறக்கிறது. அப்பா டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறார். அளவையும் கிலோமீட்டரையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிறார். கடைசி நான்கு தாள்களிலும் ஆயில் ஒரே கோட்டில் நிற்கிறது.