பார்க்காமல் எழுதிக் கொடுத்த களிம்பு

தோழர்களே, இது நம் கூட்டங்களில் யாரும் பேசாத நோய். பெண்குறியின் வெளித்தோலில் வருகிற புற்றுநோய். படிக்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடே படியுங்கள். அந்தக் கூச்சம் எங்கள் அக்கா ஒருவரின் மூன்று வருடத்தைத் தின்றிருக்கிறது.

பெயரும் தெருவும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார் அக்கா. அறுபதைத் தாண்டியவர். நாகல்கேணியில் தோல் கம்பெனி வேலை, பிறகு வீட்டுவேலை. அரிப்பு தொடங்கியபோது, “கெமிக்கல்ல நின்ன உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள் வீட்டில். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். நாலு நாள் அடங்கியது, ஐந்தாம் நாள் திரும்பியது. இப்படிக் கடையில் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் ஒன்றிய அரசு விதியை இறுக்கியது. நம் தெருமுனைக் கடைக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை.

அதன்பின் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே நான்கு இடம் ஏறி இறங்கினார். நான்கு இடத்திலும் கேட்டார்கள், எழுதினார்கள், அனுப்பினார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை: “சுத்தமா இருந்துக்கணும்மா.”

சொன்னவருக்கு அது சாதாரண அறிவுரையாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து சுத்தமில்லாதவள் என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது வேறு. அக்கா ஒரு நாளைக்கு மூன்று முறை டெட்டால் ஊற்றிக் கழுவினார், தோல் வெந்துபோனது. எட்டு மாதம் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை.

கடைசியில் நாங்கள் நாலு பேர் கூடப்போன அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஓரம் தெளிவாகத் தெரிகிற திட்டு, மேலே வெள்ளைச் செதில், நடுவில் ஈரப்புண். “இது படை இல்லம்மா” என்றவர், மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு இடத்தில் சிறு துணுக்கு எடுத்தார். பயாப்ஸி முடிவில் வந்த பெயர் பேஜட் நோய்.

மார்புக் காம்பில் வரும் இந்த நோயை 1874இல் ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தார். பெண்குறியில் வருவது 1901இல் பதிவானது. அரிதானது, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. வெகுநாள் தோலின் மேலடுக்கிலேயே மெதுவாகப் பரவும், அதனால் படை, எக்ஸிமா என்றே பலருக்கும் தோன்றும். புத்தகப் படங்களில் சிவப்பாக இருக்கிறது. நம் கறுத்த தோலில் அது மங்கலாகவோ கூடுதல் கறுப்பாகவோ தெரியலாம். சிலருக்கு உள்ளே மூத்திரப்பை, மலக்குடல் போன்ற இடங்களில் வேறு புற்றுநோய் இருந்து இது அதன் அடையாளமாக வரும். அதனால் அக்காவுக்கு அந்தச் சோதனைகளையும் செய்தார்கள். அங்கெல்லாம் ஒன்றுமில்லை.

மேலடுக்கோடு நின்றிருந்தால் சிலருக்கு இமிக்விமோட் என்ற களிம்பே சிகிச்சை. அக்காவுக்குப் பரப்பு பெரிது. அறுவைதான் செய்தார்கள், தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் நோய்ச் செல்கள் இருக்கக்கூடும் என்பதால் இது திரும்ப வரும் நோய். வருடக்கணக்கில் போய்க் காட்ட வேண்டும். போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். மருத்துவம் இலவசம் என்று பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசுங்கள்.

எல்லாமே சாதி என்று எழுதினால் பொய். வரிசை வாசல்வரை நிற்கிற இடத்தில் யாருக்குமே நேரமில்லை. ஆனால் யாருக்குத் திரை இழுக்கப்படுகிறது, யாருக்கு நின்ற இடத்திலேயே சீட்டு எழுதப்படுகிறது என்பதில் புடவைக்கும் பேச்சுக்கும் தெருப்பெயருக்கும் பங்குண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் நிற்கிறது. 1907இல் பத்திரிகை தொடங்கிய நம் பண்டிதர், நாடி பிடித்துப் பார்த்த சித்த மருத்துவரும்கூட. தொட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது மருத்துவம். அதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் சொல்லுங்கள். இந்த நோய் அழுக்கால் வருவதில்லை, ஒட்டுவதில்லை, ஒழுக்கத்தோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மாதம் ஒருமுறை கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். களிம்பு போட்டும் ஆறு வாரத்தில் ஆறாத அரிப்பு, புண், நிறமாற்றம் இருந்தால், “பாத்துட்டு எழுதுங்க டாக்டர், பயாப்ஸி வேணுமா?” என்று கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம். கருப்பை வாய்ப் பரிசோதனை முகாம் போட்டால், வெளித்தோலையும் பார்த்துக் குறித்துக்கொள்ளச் செவிலியரிடம் சொல்லுங்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவதே அதுதான், தனிச் செலவு கிடையாது.

எல்லாவற்றையும்விட, கூடப் போங்கள். மனு எழுதத் தெரிந்த, மருத்துவரிடம் நிமிர்ந்து கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றால் திரை இழுக்கப்படுகிறது. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஜெய் பீம்.