கோட் சொல்வது பாதிதான்

ஸ்கேனரில் பி0193 என்று வந்தால் என்ன செய்வீங்க? "ரெயில் பிரஷர் சென்சார் போச்சு, மாத்திரலாம்" என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்சம் பொறுங்க. சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கு என்று மட்டும்தான் அந்தக் கோட் சொல்லுது. ஏன் என்று சொல்லாது.

கருங்கல்லில் டாக்ஸி ஓட்டும் எங்க மாமாவின் டீசல் காருக்கு இதே கோட். ஏற்றத்தில் வண்டி இழுக்கல. வண்டி நின்றால் வீட்டு வருமானமும் நின்னுரும்.

சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் செய்தால், பல வண்டிகளில் சிக்னல் சுமார் 0.5 வோல்ட் இருக்கணும். இதில் கிட்டத்தட்ட 5. கனெக்டரைக் கழற்றினோம். 5 வோல்ட் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் 5 காட்டியது. அதே வயருக்கும் கனெக்டரின் கிரவுண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. கிரவுண்ட் டெர்மினலில் பச்சைக் களிம்பு. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊராச்சே!

கிரவுண்ட் அறுந்தால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும். டெர்மினலை மாற்றினோம், சிக்னல் 0.5-க்கு இறங்கியது. சென்சார் பழசுதான், இன்னும் ஓடுது.

ஓடும் இன்ஜினில் ரெயில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அதனால் குழாயில் கை வைக்காதீங்க, வயரிலிருந்து தொடங்குங்க. பில் போடும் முன் ஒருமுறை அளந்து பாருங்க.