பையைக் கொண்டுபோய் சைக்கிள் வாங்கினோம்

"அப்பா, ஆகஸ்டு லீவுக்கு பஸ்ல வரலை. சைக்கிள்ல வரேன்."

ஆனி மாசம் கோயம்புத்தூர்ல இருந்து மகள் போன்ல இப்படிச் சொன்னதும், பக்கத்துல இருந்த அவ அம்மா கையில வச்சிருந்த முறத்தைக் கீழே வச்சுட்டாள். கூட வேலை பார்க்கிற ரெண்டு பிள்ளைகளும் வர்றாங்களாம். பழனி, ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியா மூணு நாள். மாத்துத்துணி, தண்ணி, ரிப்பேர் சாமான் எல்லாம் சைக்கிள் பின்னாடி ரெண்டு பக்கமும் பையில தொங்கும். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள்ள முடியணும்.

"இருபதாயிரம் எதுக்குத் தாயி? தாத்தா சைக்கிள் சும்மாதான நிக்குது. புல்லுக்கட்டும் வாழைத்தாரும் சுமந்த வண்டி, உன் பையைச் சுமக்காதா?"

"அதுல பையை மாட்டிக்கிட்டு நீங்க ஒருக்கா குமுளி ஏறிப் பாருங்கப்பா."

விளையாட்டாத்தான் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துருச்சு.

மறுநாள் விடியக்காலம் ரெண்டு உரச்சாக்குல ஏழரை ஏழரை கிலோ நெல்லைக் கட்டி, கேரியர்ல கழுதைப்பொதி மாதிரி தொங்கவிட்டுக் கிளம்பினேன். தெருமுக்கு தாண்டலை, குதிகால் சாக்குல இடிக்குது. இறங்கி சாக்கைப் பின்னாடி தள்ளிக் கட்டினேன். பழைய சைக்கிளுக்குப் பின்பக்கம் நீளம்கிறதால இடம் கிடைச்சது.

கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வரைக்கும் மெதுவா மிதிச்சே போயிட்டேன். அதுக்கு மேல ஆறு கிலோமீட்டர் மலைரோடு. முதல் கொண்டை ஊசி வளைவுலயே இறங்கிட்டேன். மிச்சம் பூரா தள்ளல்தான்.

ஏற முடியாதது பெருசில்லை. இறங்கும்போது குமுளிச் சாரல் பிடிச்சுக்கிச்சு. கம்பி பிரேக்கு, நனைஞ்ச ரிம்மு, பின்னாடி பதினைஞ்சு கிலோ. பிரேக்கை இழுத்துப் பிடிச்சும் வண்டி நிக்கலை. எதிர்ல கேரளாவுக்குப் போற பஸ்ஸு. ஓரத்து மண்ணுல இறக்கி, காலை ஊனி எப்படியோ நிப்பாட்டினேன். அந்த இடத்துல என் மகள் இருந்திருந்தான்னு நினைச்சப்ப கை நடுங்கிருச்சு. கீழ வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன். வீட்டுல இதை இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

மறுநாள் உத்தமபாளையத்துல நமக்குத் தெரிஞ்ச சைக்கிள் மிஸ்திரிகிட்ட உக்காந்தேன். "அண்ணே, முன்பல்லு 44, பின்பல்லு 18 எண்ணிப் பாருங்க. ஒரு மிதிக்குச் சக்கரம் ரெண்டரைச் சுத்துக்கிட்ட சுத்தும். ஐந்தரை மீட்டர் ஒரே மிதியில போகணும்னா மலையில எப்படி ஏறும்? முன்னாடி சின்னப் பல்லு 28, பின்னாடி பெரிய பல்லு 28 இருக்கிற கியர் சைக்கிள்னா ஒரு மிதிக்கு ஒரே சுத்து. ரெண்டு மீட்டர் சொச்சம்தான். மெதுவாப் போகும், ஆனா ஏறும்."

நம்ம பள்ளத்தாக்குக்கு மலை இல்லாத இடத்துலயும் அந்தச் சின்னக் கியர் வேணும். ஆடி ஆவணியில குமுளிக் கணவாய்க் காத்து இறங்கி வீசும். தேனியில இருந்து நம்ம ஊருக்கு வர்றவங்களுக்கு அது முழுக்க எதிர்காத்து.

ஸ்போக்ஸையும் எண்ணச் சொன்னார். தாத்தா சைக்கிள்ல முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. சுமை பின்னாடிங்கிறதால அந்தக் காலத்துலயே கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க.

நான் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கையில டேப்பும், துணி அடைச்ச ரெண்டு சாக்கும். மகளுக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்திருக்கும். முதல் கடையில பையன் தடிச்ச டயரு, முன்னாடி ஸ்பிரிங் ஃபோர்க்கு வச்ச வண்டியைக் காட்டினான். பார்க்க ஜோரா இருந்தது. கேரியர் போல்ட்டு மாட்ட ஃப்ரேம்ல ஓட்டையே இல்லை. பெடல் அச்சுல இருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் அளந்தா 43 சென்டிமீட்டர்கூட வரலை. சாக்கைப் பிடிச்சுக்கிட்டு மகளை மிதிக்கச் சொன்னேன், குதிகால் இடிச்சது. தார்ரோட்டுக்கு அந்த ஸ்பிரிங்கும் வேண்டாத கனம்.

மூணாவது கடையில ஒண்ணு அமைஞ்சது. ஸ்டீல் ஃப்ரேம், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கு, ரெண்டு சக்கரத்துக்கும் 36 ஸ்போக்ஸ், 21 கியர், 700 சைஸ் சக்கரத்துல 38 மில்லிமீட்டர் டயர். பின்னச்சுக்குப் பக்கத்துலயும் சீட்டுக்குக் கீழயும் கேரியர் போல்ட்டுக்கு ஓட்டை இருந்தது. அளவு 45 வந்தது, சாக்கு இடிக்கலை. பிரேக்கை நனைச்சுப் பார்க்கணும்னு தண்ணி கேட்டேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே பாட்டில் கொடுத்தார். சாக்கோட ஓடிப் பிடிச்சும் நின்னது.

விலை 15,800. கேரியருக்கு 1,400. கடைப் பைகள் விலை கட்டுபடியாகலை. கம்பத்துல லாரித் தார்ப்பாய் தைக்கிறவர்கிட்ட ஒரு ஜோடி 900 ரூபாய்க்குத் தைச்சு அனுப்பினேன். மிச்சத்துல லைட்டு, ஹெல்மெட்டு, ரெண்டு டியூப்பு. அவசரத்துக்கு நம்மூர் 28 டியூப்பையே உள்ள ஒடுக்கி ஓட்டிரலாம்னு மிஸ்திரி சொல்லியிருக்கார். டயர் மட்டும் மாறாது. பழசோட ரிம் 635 மில்லிமீட்டர், இது 622.

நீங்களும் வாங்கப் போனா, தொங்கவிடப் போற பையை முதல்ல கடைக்கு எடுத்துட்டுப் போங்க. கனத்தோட ஏறிப் பாருங்க, கனத்தோட பிரேக் பிடிச்சுப் பாருங்க. கலர் அப்புறம் பார்த்துக்கலாம்.

நேத்து ராத்திரி வத்தலக்குண்டுல தங்கினாங்க. இப்ப பெரியகுளம் தாண்டிட்டதா போன் வந்தது. காத்து பலமா இருக்காம், சின்னக் கியர்லதான் வர்றாளாம். அவ அம்மா காலையில இருந்து மூணு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாள். நான் இதை எழுதிட்டு நாலாவது தடவைக்குக் கூடப் போறேன்.