மூன்று ஓட்டங்கள்

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குச் சேப்பாக்கம் மைதானத்தின் ஆரவாரம் காற்றில் மிதந்து வரும். ரேடியோவில் வர்ணனையாளரின் குரல் உயர்ந்து ஒன்றிரண்டு மூச்சு கழிந்த பிறகே அது வந்து சேரும். ஒரே பவுண்டரியை இரண்டு தடவை கேட்போம்: முதலில் பெட்டிக்குள், பிறகு வானத்தில்.

1975 ஜனவரி. பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. கீழே பாட்டி போகிக்குக் கிழிந்த பாய்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாடியில் சித்தப்பா டிரான்சிஸ்டரைக் கைப்பிடிச் சுவர்மேல் நிறுத்தி, ஏரியலைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வர்ணனை ஆங்கிலம். பெயர்களும் எண்களும் மட்டுமே எனக்குப் பிடிபடும்; மற்றதைச் சித்தப்பா அவ்வப்போது தமிழில் சொல்வார். கோடு போட்ட நோட்டில் ஸ்கோர் எழுதுவது என் பொறுப்பு. ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ஓட்டம் எடுத்தால் எண்.

அன்று புள்ளிகளும் விக்கெட்டுகளுமாகவே பக்கம் நிறைந்தது. தொடரின் முதல் இரண்டு டெஸ்ட்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்று, கல்கத்தாவில் ஜெயித்துச் சேப்பாக்கம் வந்திருந்தது பட்டோடியின் இந்திய அணி. காயத்தால் கவாஸ்கர் இல்லை. ஆண்டி ராபர்ட்ஸ் ஓடி வருகிறார் என்று சித்தப்பா சொல்லும்போதெல்லாம் என் பென்சில் தாளில் அழுந்தும். 117 ஓட்டத்துக்கு எட்டு விக்கெட். ஒரு முனையில் மட்டும் விஸ்வநாத்.

“குள்ளமான ஆளுடா. மத்தவனுக்கு மார்புக்கு வர்ற பந்து இவருக்கு முகத்துக்கு வரும். அதையும் கட் பண்றார் பாரு!” என்று சித்தப்பா பனையோலை விசிறியைக் கையில் எடுத்தார். பந்து தன்னைக் கடந்துபோகும் கடைசி நொடி வரை காத்திருப்பதுபோல் நின்றார். பிறகு மணிக்கட்டை மட்டும் ஒரு சுழற்று. விசிறியின் காற்று என் கன்னத்தில் பட்டது. ஸ்கொயர் கட் என்பதை நான் முதலில் அறிந்தது அந்தக் காற்றாகத்தான். அடுத்த கணம் வானத்தில் ஆரவாரம் வந்தது.

பேடி நின்று கொடுத்தார். அவரும் போனபின் சந்திரசேகர் வந்தார். டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் 242 விக்கெட் எடுத்து 167 ஓட்டம் மட்டுமே சேர்த்தவர் அவர். ராபர்ட்ஸை விஸ்வநாத்தே எதிர்கொள்ள வேண்டுமே என்று நானும் சித்தப்பாவும் ஒவ்வொரு ஓவரின் கடைசிப் பந்துக்கும் வேண்டிக்கொண்டோம். தொண்ணூறைத் தாண்டினார். 97. சந்திரசேகர் ராபர்ட்ஸின் பந்தில் ஆட்டமிழந்தார். ராபர்ட்ஸுக்கு அது ஏழாவது விக்கெட். இந்தியா 190. மற்ற பத்துப் பேரும் உதிரி ஓட்டங்களும் சேர்ந்து 93தான்.

ரேடியோ அடங்கியபின் வந்த கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரத்தில், விஸ்வநாத்தின் வரிசையில் ஒரு புள்ளியை 3 ஆக்கினேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சித்தப்பா கூட்டிப் பார்த்தார். 193 வந்தது. மறுபடி கூட்டினார். பிறகு வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போய் அந்த 3இல் நின்றார். திட்டவில்லை. ரப்பரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அவர் அடிக்காத ரன்னை நாம குடுத்தா, அவர் அடிச்ச தொண்ணூத்தேழையும் நம்பலைன்னு ஆயிடும்டா.”

அழுதுகொண்டே அழித்தேன். அந்த டெஸ்ட்டை இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. பிரசன்னா ஒன்பது விக்கெட் எடுத்தார். தெருவே வெடி வெடித்தது. என் நெஞ்சில் மட்டும் அந்த மூன்று உறுத்திக்கொண்டிருந்தது.

சித்தப்பா சொன்னது ஐந்து வருஷம் கழித்து 1980 பிப்ரவரியில் முழுதாக விளங்கியது. பம்பாயில் இங்கிலாந்துடன் பொன்விழா டெஸ்ட், விஸ்வநாத் கேப்டன். ஐந்து விக்கெட் இழந்து தத்தளித்த இங்கிலாந்தை போத்தமும் பாப் டெய்லரும் தாங்கிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் அவுட் என்று நடுவர் விரல் உயர்த்திவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குத் தோன்றியது. நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். அந்த ஜோடி 171 ஓட்டம் சேர்த்தது. இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. மறுநாள் பேப்பரை மடித்து வைத்த சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தனக்கு உரியதல்லாத விக்கெட்டை வேண்டாமென்றவர், நான் திருடிக்கொடுத்த மூன்று ஓட்டங்களை எப்படி ஏற்றிருப்பார்?

பத்ராவதியில் பிறந்து, 1969இல் கான்பூரில் முதல் டெஸ்ட்டிலேயே பூஜ்யமும் 137உம் எடுத்தவர். 91 டெஸ்ட்டில் 6080 ஓட்டம், 14 சதம். அவர் சதமடித்த எந்த டெஸ்ட்டிலும் இந்தியா தோற்றதில்லை. அந்தப் பட்டியலில் சேராத 97ஐத்தான் சேப்பாக்கத்துக்காரர்கள் இன்றும் முதலில் சொல்கிறார்கள்.

1982 ஜனவரியில் சித்தப்பா எனக்கு டிக்கெட் வாங்கித் தந்தார். இங்கிலாந்துக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் விஸ்வநாத் 222. யஷ்பால் சர்மாவோடு ஒரு நாள் முழுவதும் விக்கெட் விழாமல் ஆடினார். அன்று ஆரவாரம் எனக்குத் தாமதமாக வரவில்லை; என் தொண்டையிலிருந்தே கிளம்பியது.

சித்தப்பா இப்போது இல்லை. நோட்டு இருக்கிறது. அழுத்தி அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. அந்த இடத்தில் சித்தப்பா தன் கையால் மறுபடி வைத்த புள்ளி மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது.