வாகைகுளம் முதல் சங்குமுகம் வரை

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தையும் திருவனந்தபுரம் விமான நிலையத்தையும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு இணைத்தால், அது அகத்தியமலையை ஒட்டியே போகும். நீளம் சுமார் 125 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்துக்கு இது ஏறி இறங்குவதற்கே காணாத தூரம். ஒற்றை எஞ்சின் செஸ்னா 172-க்கோ வழியில் நிற்பது 1,868 மீட்டர், அதாவது 6,129 அடிச் சுவர்.

அந்தச் சுவரைத் தாண்டுவது என்று உவரிக்காரர் ஒருவர் முடிவு செய்தார். கடலைப் பார்த்த வீடு, மேசையில் கணினி, பக்கத்தில் ஜாய்ஸ்டிக். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் மலைப் பாதை என்றாலே பலரும் நேபாளத்தின் லுக்லாவுக்குத்தான் ஓடுவார்கள். 2,845 மீட்டர் உயரத்தில் வெறும் 527 மீட்டர் ஓடுதளம், அதுவும் 11.7 சதவீத ஏற்றம். இவரும் அங்கே போய் வந்தவர்தான். ஆனால் தினமும் கண்ணில் படும் மேற்குத் தொடர்ச்சி மலையை மேலிருந்து பார்த்ததில்லை. அகத்தியமலை என்னும் பொதிகையின் உச்சிக்கு நடந்து போக வேண்டுமென்றால் ஆண்டின் தொடக்க மாதங்களில் கேரள வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் ஒரு சோதனை நடந்தது. வைத்தவர் அவருடைய தாய்மாமன், கடலிலேயே வயதைக் கழித்தவர்.

"மக்கா, வண்டியக் கடலுக்குக் கொண்டு போ. இன்னும் வெலங்கப் போ. இப்ப தாழ்த்தி, கரையப் பாத்துத் திருப்பு."

கரைக்குப் பின்னால் மகேந்திரகிரி நீலமாக எழுந்தது. கரையில் ஒரு அடையாளத்தையும் அதன் பின்னே ஒரு மலை முகட்டையும் நேர்கோட்டில் பிடித்து, வேறொரு திசையில் இன்னொரு சோடியைப் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் தங்கள் பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பது தென்கடலோரத்து மீனவர்களின் பழைய வழக்கம். மாமா திரையருகே குனிந்து முகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மலை சரியாத்தான் இருக்கு. கப்பல் மாதா கோயில எங்கடே?"

கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு சாதாரணக் கட்டடம் நின்றது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த இந்தச் சிமுலேட்டர் பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தைக் கட்டுகிறது. நிலத்தின் மேடுபள்ளத்துக்கு அளவெடுத்த தரவு உண்டு. சிற்றூர்க் கட்டடங்களைப் படத்தைப் பார்த்துக் கணினியே ஊகித்து எழுப்புகிறது. கப்பல் வடிவத்தில் ஒரு தேவாலயம் இருக்கும் என்று அதற்கு யார் சொல்வது?

மாமா மலைக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதால் பயணம் தொடங்கியது. ஜூன் மாதம். நேரடி வானிலையைப் போட்டதும் மேற்கே இருந்து 25 நாட் வேகத்தில் காற்று. "கச்சான்" என்றார் மாமா, திரையைப் பார்க்காமலேயே.

காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி ஏற்றம். வலது பக்கம் பனங்காடு, இடது பக்கம் வாழையும் நெல்லுமாகத் தாமிரபரணிக் கரை. திருநெல்வேலி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை எதிர்த்துப் போனால் போதும், வழி தவறாது. பாபநாசத்துக்கு மேல் காரையாறு அணையின் நீர்ப்பரப்பு தெரிந்தது. கிழக்கே நல்ல வெயில். மேற்கே முகட்டின் மேல் வெள்ளை மேகம் மதில்போல் நின்றது.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்து பார்க்க யாருக்கும் ஆசை வரும். மலைப்பகுதி விமானிகள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100 நாட் வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திரும்ப ஏறத்தாழ 940 மீட்டர் அகலம் வேண்டும். வேகத்தை 70 நாட்டுக்குக் குறைத்தால் 460 மீட்டர் போதும். அதனால் நடுவில் பறக்காமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டியே போவார்கள், திரும்ப வேண்டி வந்தால் பள்ளத்தாக்கின் முழு அகலமும் கிடைக்கும். உவரிக்காரர் வலது சரிவை ஒட்டி அணை வரை போனார், முன்னால் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்தார், திரும்பி வந்து அம்பாசமுத்திரத்துக்கு மேல் வட்டமடித்து 8,500 அடிக்கு ஏறினார்.

மேகத்துக்குள் மலை இருக்கும்போது துணிச்சலுக்கு மதிப்பில்லை. 1950 டிசம்பர் 13-ல் ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் கோத்தகிரி அருகே நீலகிரி மலையில் மோதியது. இறந்தவர்களில் ஒருவர் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட். போர் விமானங்கள் சுடப்பட்டு விழாமல் தப்புவது எப்படி என்று இரண்டாம் உலகப் போரில் கணக்குப் போட்டவர் அவர். இலங்கையில் 1974 டிசம்பர் 4-ல் கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியா அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மெக்காவுக்குப் புறப்பட்ட இந்தோனேசிய யாத்ரிகர்கள்.

8,500 அடியில் முகட்டை நெருங்கியபோது மலை தன் வேலையைக் காட்டியது. மேற்கிலிருந்து வரும் காற்று கேரளப் பக்கம் சரிவேறி மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் சரிந்து இறங்குகிறது. உவரியின் தேரிக்காடு காய்ந்து கிடப்பதற்கும் அதே காற்றுத்தான் காரணம். எஞ்சின் முழு வேகத்தில் இரைந்தும், ஏற்ற இறக்கம் காட்டும் முள் நிமிடத்துக்கு 600 அடி இறக்கம் என்றது. இந்த நேரத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் செத்துப்போகும். அவர் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினார். முகட்டை நேராகச் சந்திக்காமல் 45 பாகை கோணத்தில் நெருங்கினார், தாண்ட முடியாது என்று தெரிந்தால் பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம். உச்சிக்கு மேல் 2,300 அடிக்கு மேல் இடைவெளி வைத்ததும் இதற்குத்தான். அதில் ஒரு பங்கைக் காற்று தின்றது. மிச்சத்தில் மேகத்தின் தலையை உரசாமல் தாண்டியாகிவிட்டது.

அப்புறம் அதே காற்று உதவிக்கு வந்தது. உச்சியிலிருந்து திருவனந்தபுரம் ஓடுதளத்துக்கு வான்வழியில் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஏழாயிரம் அடியை இறக்க வேண்டும். எதிர்க்காற்று தரைவேகத்தைக் குறைத்ததால் அவசரப்படாமல் இறங்க நேரம் கிடைத்தது. மேக இடைவெளியில் நெய்யாறு அணை, தென்னந்தோப்புகள், கண்ணாடியில் மழைக்கோடுகள். கோவளத்தை வளைத்துக்கொண்டு கடல்பக்கமிருந்து ஓடுதளம் 32-ல் இறக்கினார்.

"அப்போ திரும்பி வாறது லேசுதான, காத்து பின்னால தள்ளுமே" என்றார் மாமா.

லேசில்லை. பின்காற்றோடு ஏறினால் தரைவேகம் 100 நாட்டைத் தொடும், மலை பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் முன்னால் வந்து நிற்கும். நிமிடத்துக்கு 500 அடி ஏறும் செஸ்னா அதற்குள் உச்சியின் உயரத்தைத்தான் எட்டியிருக்கும், தாண்டியதும் இறங்குகாற்று வேறு. ஆகவே முதலில் விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் கடலுக்கு மேல் வட்டமடித்துப் பாதி உயரத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் கிழக்கே திரும்ப வேண்டும். மாமா கணக்கைக் கேட்டு முடித்துவிட்டு, எரிபொருள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விசாரித்தார்.