நிற்க வேண்டிய தறியும் நிற்கலாகாத காரும்

சப்பான் நாட்டின் நகோயா நகரிலுள்ள பெரிய இரயில் நிலையத்தினின்று வடக்கே செல்லும் மெய்த்தெட்சு வண்டியில் ஏறினால், அடுத்த நிறுத்தம் சாகோ. அங்கிறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் நீண்டு கிடக்கும் செங்கற் கட்டடம் ஒன்று கண்ணுக்குப் புலப்படும். சகிச்சி டொயோடா என்னும் தச்சர் மகன் தாம் புனைந்த தறிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென 1911ஆம் ஆண்டில் நெசவாலை அமைத்த இடம் இதுவே. 1994 முதல் இது தொழில்நுட்ப அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. நகோயாவுக்கு வருவோரிற் பலர் கோட்டையை நோக்கி விரைய, நாம் ஒரு முழுப் பகலை இங்கேயே கழித்தோம். காரின் கதையைத் தறியிலிருந்து தொடங்கிச் சொல்லும் இடம் உலகில் அரிதன்றோ!

தறிக்கூடத்தில் நுழைந்ததும் நம் நெசவூர்களின் தெருக்களில் கேட்கும் அதே தடதட ஓசை நம்மை வரவேற்றது. வரிசையாய் நிற்கும் தறிகளுள் பெயர் பெற்றது 1924இல் உருவான ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி. நாடாவில் நூல் தீரும் தறுவாயில், ஓட்டத்தை நிறுத்தாமலே வேறு நாடாவைத் தானே மாற்றிக்கொள்ளும் திறன் அதற்குண்டு. அதனினும் நம்மைக் கவர்ந்தது அதன் மற்றொரு குணம். பாவு நூல் ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகின்றது. நூல் அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த மாத்திரத்தில் தறி நின்றுவிடும். பணிப்பெண் ஒருவர் நூலொன்றை வேண்டுமென்றே அறுத்துக் காட்டினார். அத்தனை ஓசையும் நொடியில் அடங்கிற்று.

இப்பண்பைச் சப்பானியர் ‘ஜிதோகா’ என அழைக்கின்றனர். தானாக இயங்குதல் என்பதைக் குறிக்கும் எழுத்தின் அருகே மனிதனைக் குறிக்கும் சிறு கோட்டுருவைச் சேர்த்து எழுதுவது டொயோட்டா ஆலைகளின் வழக்கம். பிழை நேர்ந்தவுடன் நின்று மனிதனை அழைக்கும் இயந்திரம் என்பது அதன் உட்பொருள். இன்றும் அவ்வாலைகளில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து ஓட்டத்தை நிறுத்தலாம்.

1929இல் இத்தறியின் உரிமத்தை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலை கொடுத்துப் பெற்றது. சகிச்சியின் மகன் கீச்சிரோ மோட்டார் வண்டியில் மனம் வைத்தார். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் எழுந்தது. நகோயாவுக்குக் கிழக்கேயுள்ள கொரோமோ என்னும் ஊர் 1959இல் தன் பழம்பெயரையே கைவிட்டு ‘டொயோட்டா’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஊரின் பெயரால் ஆலையை அழைப்பதுதான் உலக வழக்கம், இங்கோ தலைகீழ்.

இந்நிறுவனம் 1997 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட வண்டிதான் ப்ரியஸ். பெருந்தொகையாய் உற்பத்தியான முதல் ஹைப்ரிட் கார். ‘ப்ரியுஸ்’ என்பது இலத்தீன் சொல். ‘முன்னர்’ என்பது பொருள். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கு நின்ற நமக்கு, அச்சொல்லை ஒரு காரின் பின்புறத்தில் கண்டபோது நகைப்பு எழாமலில்லை.

ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் தோளோடு தோள் நின்று உழைக்கின்றன. மெதுவாகச் செல்லும்போதும், சிவப்பு விளக்கில் காத்து நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துவிடும். புதிதாய் ஓட்டுவோர் ‘வண்டி நின்றுவிட்டதே’ எனப் பதறுவதுண்டு. அது கோளாறன்று, அப்படி அணைவதாலேயே எரிபொருள் மிச்சமாகிறது. அவ்வமைதிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத்தக்க அமைதி வேறொன்று உண்டு.

2005இல் அமெரிக்காவில் ஓடிய சில ப்ரியஸ் வண்டிகள் நெடுஞ்சாலையில் திடீரெனச் செயலிழப்பதாக முறையீடுகள் எழுந்தன. அவற்றின் கணினி நிரலில் பிழை இருந்தது. ஏறத்தாழ 75,000 வண்டிகளுக்கு அதைத் திருத்தித்தர நிறுவனம் முன்வந்தது. 2014 பிப்ரவரியில் வந்தது இதனினும் பெரிய செய்தி. மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் ஏறத்தாழ 200 வோல்ட் மின்கல அழுத்தத்தை 650 வோல்ட் வரை உயர்த்தும் கருவி ஒன்று உண்டு. வேகத்தைச் சடுதியில் கூட்டும்போது அதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மிகையாய்ச் சூடேறிப் பழுதுபட இடமிருந்தது. பழுதுபட்டால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். வண்டி வேகம் குன்றித் தள்ளாடியேனும் நகரும். அரிதாகச் சிலவேளை முற்றும் நின்றுவிடும். உலகெங்கும் 19 இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

தறிக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலனாகின்றது. தறி நின்றால் துணி பிழைக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டிகளுக்கு நடுவே, பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கும் கார் நின்றால் யார் பிழைப்பார்? ஆகவேதான், பழுது நேரினும் முழுதும் நின்றுவிடாமல், ஓரங்கட்டும் அளவுக்கேனும் ஊர்ந்து செல்லும் காப்புநிலை ஒன்றைப் பொறியாளர் காரினுள் அமைத்திருந்தனர். தறி தந்தவர் வழிவந்தோரே தறியின் அறத்தை மாற்றி எழுத வேண்டியதாயிற்று!

அக்காப்புநிலையும் சிலவேளை கைகொடாமற் போகலாம் என்பது 2018 அக்டோபரில் வெளிப்பட்டது. முன்னர்ச் செய்த திருத்தம் எதிர்பாராத ஒரு நிலை எஞ்சியிருந்தது. மீண்டும் 24 இலட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. அவற்றுட் பாதிக்கு மேல் சப்பானிலேயே ஓடுபவை. இரண்டாம் முறை அழைத்ததை இழுக்கென்று கூறுவாரும் உளர். மறைத்திருந்தாலே இழுக்கு என்பது நம் கருத்து. எனினும், அழைப்புக் கடிதம் வந்தும் ‘நம் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடும் இல்லத்தலைவரை நினைத்தால் வருத்தமே மேலிடுகிறது. அத்திருத்தத்திற்கு உரிமையாளர் காசு தர வேண்டுவதில்லை; சிறிது நேரத்தைத் தந்தால் போதும்.

நம் நாட்டுச் சாலைகளிலும் இன்று பல நிறுவனங்களின் ஹைப்ரிட் கார்கள் ஓடுகின்றன. முன்னாளில் மலைப்பாதையில் அம்பாசிடர் நின்றுவிட்டால், ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரை ஊதி, தண்ணீர் ஊற்றி எப்படியோ கிளப்பிவிடுவார். ஹைப்ரிட் வண்டியில் அக்கைவைத்தியம் செல்லாது. உள்ளே செம்மஞ்சள் உறையிட்டுச் செல்லும் கம்பிகள் உயர் மின்னழுத்தம் பாய்வன. அவற்றின்மேல் விரல் படலாகாது.

2018 அறிவிப்பு கூறிய ஓர் ஆறுதலும் உண்டு: உந்துவிசை அற்றுப்போயினும் சுக்கானும் பிரேக்கும் வேலை செய்யும். ஆகவே ஸ்டியரிங்கை உறுதியாய்ப் பிடித்து, அபாய விளக்குகளை எரியவிட்டு, எஞ்சிய வேகம் தீருமுன் இடப்புற ஓரத்திற்கு வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். அது வரை, வண்டியை இயக்கும் பொத்தானைத் தொடலாகாது.

நகோயாவையும் தோக்கியோவையும் இணைக்கும் டோமேய் விரைவுச்சாலை 1969இல் முழுமை பெற்றது. நீளம் ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அதில் நாம் சென்ற பேருந்தின் பலகணி வழியே, ஓரமாய் நிறுவப்பட்டிருந்த அவசரத் தொலைபேசிகளைக் கண்டோம். கிலோமீட்டருக்கு ஒன்று, சுரங்கவழியில் இருநூறு மீட்டருக்கு ஒன்று. அந்நாட்டுக் கார்களில் முன்னிருக்கைப் பயணியின் காலடியருகே செந்தீ உமிழும் குழலோ அதற்கு ஈடான விளக்கோ இருத்தல் வேண்டும். விரைவுச்சாலையில் வண்டி நின்றால் பின்னால் சிவப்பு முக்கோணம் வைப்பது சட்டம். பின்னர்க் குடும்பத்தார் அனைவரும் வண்டியினுள்ளும் இராமல், வண்டியின் அருகிலும் நில்லாமல், இரும்புத் தடுப்பிற்கு அப்பால் ஏறி நின்று தொலைபேசியில் அழைக்க வேண்டும். மழையாயினும் அங்கேதான் நிற்க வேண்டும்.