நாய் மேல தப்பில்லே!

1978. லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி. நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போய்விடக் கூடாதே என்று, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து நாய்களுக்கும் அதே மாதிரி ஒன்று வைத்தார்கள். இடைவேளை அயிட்டமாக வந்த 'அஜிலிட்டி'யை இரண்டே வருடத்தில், 1980-ல், கென்னல் கிளப் தனி விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது.

தாண்டக் கம்பி, நுழைந்து வரக் குழாய், ஏறி இறங்க சீசா, வளைந்து வளைந்து ஓட வரிசையாகக் கழிகள். எதற்கப்புறம் எது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். எஜமானர் முன்னாடியே நடந்து பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாம். நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓடும்போது கையில் கயிறு கூடாது, பிஸ்கட் கூடாது, நாயைத் தொடவும் கூடாது. குரல் கொடுக்கலாம், கை காட்டலாம், கூடவே ஓடலாம். ஆனால், நாய் பெரும்பாலும் நம்புவது நம் வாயை அல்ல, உடம்பை! 'குழாய், குழாய்' என்று கத்திக்கொண்டே தோளைக் கம்பிப் பக்கம் திருப்பினால், அது சமர்த்தாகக் கம்பியைத் தாண்டிவிடும். ஆட்டம் அவுட்.

அந்தப் பற்றை யார் கணக்கில் எழுதுவது? பழக்குகிறவர்களைக் கேளுங்கள், எஜமானர் கணக்கில்தான் என்பார்கள். அதனால்தான் தோற்ற நாய்க்கும் தட்டிக்கொடுத்தல் உண்டு.

பிள்ளையைப் பார்த்து 'படி, படி' என்று கத்திக்கொண்டே டி.வி. பக்கம் தோளைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் கவனிக்க!